பல் தேய்மானத்தையும் அரிப்பையும் எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பல் தேய்ந்திருக்கு" என்று சொல்லிவிடுவது சுலபம். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் தேய்கிறது என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் வராது. பல் மருத்துவம் படிக்கிற மாணவர்கள், பேஸ்ட் பற்றிப் படிக்கும்போது ஏதோ ஒரு எண்ணைப் பார்த்துக் குழம்பியவர்கள், ஸ்கேன் எடுத்துச் சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைக் கையில் வாங்கியவர்கள் எனப் பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

தேய்மானமும் அரிப்பும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பல்லோடு பல் உரசித் தேய்வது ஒரு வகை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இது அதிகம். பிரஷ், பேஸ்ட் மாதிரி வெளியிலிருந்து வரும் பொருள் உரசித் தேய்வது இன்னொரு வகை. அமிலம் பட்டுக் கரைவதுதான் அரிப்பு, அந்த அமிலம் குடிக்கிற பானத்திலிருந்தும் வரலாம், எதுக்களித்து இரைப்பையிலிருந்தும் வரலாம். கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால் வருகிற சொத்தை இந்தக் கணக்கில் சேராது.

சிக்கல் என்னவென்றால், வாய்க்குள் இந்த மூன்றும் தனித்தனியாக நடப்பதில்லை. அமிலம் எனாமலின் மேற்பரப்பை மெதுவாக்குகிறது, அதாவது மென்மையாக்குகிறது, அந்த மெத்தென்ற அடுக்கை பிரஷோ எதிர்ப் பல்லோ நாக்கோகூட வழித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் கூடிப் பேசி, 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், அமிலமும் உராய்வும் சேர்ந்து உண்டாக்கும் மொத்த இழப்பை "அரிப்புத் தேய்மானம்" என்ற பொருளில் ஒரே பெயரால் அழைக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

அளவிடுவதற்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முதல் கட்டத்தில் பல்லின் உயரம் குறைவதே இல்லை, மேற்பரப்பு மெதுவாவது மட்டும்தான் நடக்கும். இரண்டாவது கட்டத்தில்தான் பொருளே காணாமல் போகும். எந்தக் கட்டத்தைப் பிடிக்கப் பார்க்கிறோம் என்று தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் தவறான பதிலைத்தான் தரும். கீழே வருகிற பதில்களில் பாதிக்கு மேல் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

இயல்பாக ஒரு வருடத்துக்கு எவ்வளவு தேயும்?

அதிகம் மேற்கோள் காட்டப்படுகிற எண், லாம்ப்ரெக்ட்ஸ் குழுவினர் 1989-இல் வெளியிட்டது: கடைவாய்ப் பற்களில் பல்லோடு பல் படும் இடங்களில் வருடத்துக்குச் சுமார் 29 மைக்ரான், முன்கடைவாய்ப் பற்களில் சுமார் 15 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனாமல் அதன் தடித்த இடமான மேட்டு முனைகளில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும், ஈறு ஓரத்தில் மெலிந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். எனவே வயதாக ஆக ஓரளவு தேய்வது நோயே இல்லை. இருபத்தைந்து வயதில் அறுபது வயதுக்குரிய தேய்மானம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பல் மருத்துவர் சும்மா பார்த்துவிட்டு மதிப்பெண் போடுகிறாரே, அது நம்பகமானதா?

ஓரளவுக்கு நம்பலாம், எதற்கு என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால். இரண்டு முறைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்மித், நைட் இருவரும் 1984-இல் கொடுத்த குறியீட்டில் ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எனாமலின் இயல்பான வரிகளும் மினுமினுப்பும் போயிருந்தால் 1, எனாமல் போய் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகத் தெரிந்தால் 2, அதற்கு மேல் தெரிந்தால் 3, எனாமல் முழுக்கப் போய்விட்டாலோ நரம்பறை திறந்துவிட்டாலோ 4. காரணம் எதுவாக இருந்தாலும் தேய்மானத்தை மட்டும் குறிக்கிற முறை இது. விவரமானதுதான், ஆனால் வாய் முழுக்கப் போட்டு முடிப்பதற்குள் நோயாளி அலுத்துவிடுவார்.

அதனால் பார்ட்லெட், கான்ஸ், லுஸ்ஸி மூவரும் 2008-இல் பேசிக் எரோசிவ் வேர் எக்ஸாமினேஷன் என்ற எளிய முறையைக் கொண்டுவந்தார்கள். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பரப்பை மட்டும் 0 முதல் 3 வரை குறித்து, ஆறையும் கூட்டுவார்கள். பரப்பின் அமைப்பு மங்கத் தொடங்கியிருந்தால் 1, தெளிவான குழிவு இருந்து பாதிக்குக் குறைவாகப் போயிருந்தால் 2, பாதிக்கு மேல் போயிருந்தால் 3. அதிகபட்ச மொத்தம் 18. கூட்டுத்தொகை 2 வரை என்றால் கவலையில்லை, 3 முதல் 8 வரை குறைந்த ஆபத்து, 9 முதல் 13 வரை நடுத்தரம், 14-உம் அதற்கு மேலும் என்றால் அதிகம்.

இங்கே கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. அடிக்கடி வாந்தி எடுக்கிறவர்களுக்கும் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கும் மேல் முன்பற்களின் உட்பக்கம்தான் முதலில் போகும். அந்த ஒரு பகுதியில் 3, மற்ற ஐந்திலும் 0 என்றால் கூட்டுத்தொகை வெறும் 3, அதாவது "குறைந்த ஆபத்து". ஆனால் அந்த ஆளுக்கு முன்பற்களில் பாதிக்கு மேல் போய்விட்டது! தயவுசெய்து ஆறு எண்களையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், கூட்டிச் சுருக்கிவிடாதீர்கள்.

மதிப்பெண் இருக்கும்போது கருவி எதற்கு?

மதிப்பெண் படிக்கட்டு போல ஏறுகிறது, தேய்மானமோ மைக்ரான் மைக்ரானாக நகர்கிறது. 1-லிருந்து 2-க்குப் போவதற்குள் பல வருடம் ஓடிவிடலாம். அந்த இடைவெளியில் "இப்போது நின்றுவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா" என்ற கேள்விக்குக் கண்ணால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விதானே நோயாளிக்கு முக்கியம்?

ஆரம்பக்கட்ட மெதுவாதலை எப்படிப் பிடிக்கிறார்கள்?

நுண்கடினத்தன்மைச் சோதனை மூலமாக. எனாமல் துண்டைச் சமதளமாகத் தேய்த்து மெருகேற்றி, ஒரு வைர முனையைக் குறிப்பிட்ட எடையோடு அழுத்தி எடுப்பார்கள். பதிந்த தடத்தின் நீளத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். மெதுவான பரப்பில் தடம் நீளமாகப் பதியும், அவ்வளவுதான்.

நூப் என்ற வகை வைர முனையில் தடம் ஒடுங்கிய சாய்சதுரமாக, அகலத்தைப்போல ஏழு மடங்கு நீளமாக இருக்கும். 50 கிராம் எடையில் நல்ல எனாமலில் தடம் 46 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். எடையைக் கிலோவிலும் நீளத்தை மில்லிமீட்டரிலும் போட்டு, எடையை 14.23-ஆல் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 336 வரும். அமிலத்தில் வைத்து எடுத்த பிறகு அதே எடையில் தடம் 55 மைக்ரான் ஆனால் கடினத்தன்மை 235-க்கு இறங்கிவிட்டது. ஒன்பது மைக்ரான் வித்தியாசம், அதில் நூறு எண் சரிவு தெரிகிறது பாருங்கள். அதே காரணத்தால், தடத்தின் முனை எங்கே முடிகிறது என்று பார்க்கிறவரின் கண் ஒரு மைக்ரான் தவறினாலும் விடை ஆடிப்போகும். ஆகவே ஒரே துண்டில் பல தடங்கள் போட்டுச் சராசரி எடுப்பார்கள், முன்னும் பின்னும் ஒரே ஆள் அளப்பது நல்லது, எது எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது.

இந்த முறை எங்கே தோற்கும் என்றால், அமிலம் தொடர்ந்து அடித்து மெதுவான அடுக்கு கரைந்து போய்க்கொண்டே இருக்கும்போது. மேலே எப்போதும் ஏறக்குறைய அதே அளவு மெதுவான அடுக்குதான் மிஞ்சியிருக்கும், எண் ஒரே இடத்தில் நின்றுவிடும். பல் பாதி கரைந்தாலும் கடினத்தன்மை எண் அதைச் சொல்லாது.

அப்போது உயரம் குறைந்ததை எதால் அளப்பது?

ப்ரொஃபைலோமீட்டரால். பரப்பின் மேடு பள்ளத்தை ஒரு கோடாகவோ முழுப் பரப்பாகவோ வரைந்து கொடுக்கும் கருவி. இதில் இரண்டு வகை. ஒன்று, கிராமபோன் ஊசி மாதிரி நுண்ணிய முனை பரப்பைத் தொட்டுக்கொண்டே நகர்வது. இன்னொன்று லேசர் அல்லது வெள்ளை ஒளியைக் கொண்டு தொடாமலே அளப்பது.

தொடுகிற வகை நம்பகமானது, பழகியது. ஆனால் அமிலம் பட்டு மெதுவான பரப்பில் அந்த ஊசியே கோடு கிழித்துவிடும், பள்ளம் உண்மையைவிட ஆழமாகக் காட்டும். ஒளி வகையில் அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு: எனாமல் ஒளியைச் சற்று உள்ளே விடும், பளபளப்பான சரிவில் ஒளி வேறு பக்கம் சிதறிவிடும், அங்கே கருவி ஏதாவது ஒரு எண்ணை ஊகித்து நிரப்பும். அதனால் சிலர் பல்லையே அளக்காமல் சிலிக்கோனில் அச்செடுத்து, அந்த அச்சையோ அதிலிருந்து வார்த்த நகலையோ அளக்கிறார்கள்.

"ஒப்பீட்டுப் பரப்பு" என்று கட்டுரைகளில் வருகிறதே, அது என்ன?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "இவ்வளவு குறைந்தது" என்றால் எதிலிருந்து குறைந்தது? அதற்குக் குறையாத ஒரு பரப்பு பக்கத்திலேயே வேண்டும். ஆய்வகத்தில் இது எளிது, துண்டின் இரு ஓரத்திலும் டேப் ஒட்டியோ நெயில் பாலிஷ் பூசியோ மூடிவிட்டு நடுவை மட்டும் அமிலத்துக்குக் காட்டுவார்கள். பிறகு மூடியதை எடுத்துவிட்டு ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் படிப்பார்கள். நெயில் பாலிஷ் சரியாகப் போகாமல் ஒரு படலம் ஒட்டியிருந்தால் அந்தப் படலத்தின் தடிமனும் "அரிப்பு" என்று கணக்கில் ஏறிவிடும்!

வாயில் இருக்கிற பல்லுக்கு அப்படிப்பட்ட பரப்பு கிடையாது. சிலர் பல்லில் சிறிய உலோகத் தகட்டையோ காம்போசிட் (பல் நிற நிரப்புப் பொருள்) பொட்டையோ ஒட்டி, அதிலிருந்து உயரத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் மென்பொருளை நம்புகிறார்கள், அதைப் பற்றி ஸ்கேனர் கேள்வியில் சொல்கிறேன்.

டென்டினை அளப்பது ஏன் தகராறு பிடித்த வேலை?

எனாமல் எடைக்கணக்கில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது, கரைந்தால் இடம் காலியாகிவிடும். டென்டினில் கொலாஜன் நார் நிறைய. அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டாலும் அந்த நார்ப் பின்னல் அப்படியே நிற்கும். ஈரமாக இருக்கும்போது ஒளியால் அளந்தால் "ஒன்றுமே குறையவில்லை" என்று காட்டும், காய்ந்ததும் பின்னல் சுருங்கிப் படிந்து திடீரென்று பெரிய பள்ளம் தெரியும். ஒரே துண்டு, இரண்டு விடை. இதைத் தவிர்க்கக் கொலாஜனை நொதியால் கரைத்து நீக்கிவிட்டு அளக்கிறார்கள், அல்லது நீக்கும் முன்னும் பின்னும் இரண்டையும் சொல்கிறார்கள். டென்டின் ஆய்வில் இது பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் நான் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பல்லை விட்டுவிட்டு, கரைந்து வந்ததை அளக்க முடியாதா?

முடியும், மிக அழகான முறை அது. பல் துண்டு ஊறிய அமிலத்தில் எவ்வளவு கால்சியம், பாஸ்பேட் வந்திருக்கிறது என்று அணு உறிஞ்சுதல் கருவியாலோ நிறம் மாறும் வேதிப்பொருளாலோ பார்ப்பார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் எனாமலில் ஒரு மைக்ரான் ஆழம் கரைந்தால் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமான கால்சியம் வெளியே வரும். அவ்வளவு சிறிய அளவையும் பிடிக்க முடிவதால், பரப்பில் எதுவும் தெரியாத கட்டத்திலேயே இது பேசும். துண்டு சமதளமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பானத்திலேயே கால்சியம் நிறைய இருந்தால் மட்டும் கணக்கு கெட்டுவிடும், பின்னணிச் சத்தத்தில் பல்லிலிருந்து வந்தது அமுங்கிப்போகும்.

பிஹெச் பார்த்தாலே எந்தப் பானம் அரிக்கும் என்று தெரியாதா?

தெரியாது. பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், அது சொத்தைக் கணக்குக்கு உதவுகிற எண். அரிப்பில் அந்தத் திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எவ்வளவு இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கும். தயிரின் பிஹெச் ஏறத்தாழ 4, ஆனாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலை அரிப்பதில்லை. அமிலம் நடுநிலையாகாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கும், பல்லோடு எவ்வளவு நேரம் இருக்கிறது, வெப்பம், கலக்குகிற வேகம் எல்லாம் சேரும். இதனால்தான் இரண்டு ஆய்வகங்களின் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது.

பேஸ்ட்டின் ஆர்டிஏ எண் என்றால் என்ன? குறைவாக இருந்தால் நல்லதா?

பேஸ்ட் டென்டினை எவ்வளவு உராய்த்து எடுக்கிறது என்பதை ஒரு தரமான பொருளோடு ஒப்பிட்டுச் சொல்கிற எண். அளக்கும் விதம் சுவாரசியமானது. டென்டின் துண்டுகளை நியூட்ரான் கதிரில் வைத்து, அதிலுள்ள பாஸ்பரஸின் ஒரு பகுதியைக் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 ஆக்குவார்கள். பிறகு பேஸ்ட்டைக் கரைத்து இயந்திர பிரஷால் தேய்ப்பார்கள். உதிர்ந்த தூள் கரைசலில் சேரும், கரைசலின் கதிரியக்கத்தை எண்ணினால் எவ்வளவு உதிர்ந்தது என்று தெரிந்துவிடும். கால்சியம் பைரோபாஸ்பேட் என்ற ஒப்பீட்டுப் பொருளுக்கு 100 என்று வைத்து மற்றதைக் கணக்கிடுவார்கள். பாஸ்பரஸ்-32 பதினான்கு நாட்களுக்குச் சற்று மேல் ஆனால் பாதியாகிவிடும் என்பதால் துண்டுகளை நாள் கடத்தி வைக்க முடியாது.

பேஸ்ட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11609-இல் மேல் வரம்பு 250. இணையத்தில் சுற்றுகிற "குறைவு, நடுத்தரம், அதிகம், ஆபத்து" அட்டவணைகளை அந்தத் தரம் வகுக்கவில்லை. அப்புறம், இது நல்ல டென்டினில் எடுத்த எண். எனாமலுக்கு வேறு சோதனை உண்டு, அமிலம் பட்டு மெதுவான பரப்பில் நடப்பது இன்னும் வேறு. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறவர்கள் குறைந்த எண் உள்ள பேஸ்ட்டைப் பார்த்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் எண்ணைத் துரத்துவதைவிட அழுத்தித் தேய்ப்பதை நிறுத்தினால் நல்லது.

மாட்டுப் பல்லில் செய்த ஆய்வு மனிதருக்குப் பொருந்துமா?

போக்கு பொருந்தும், எண் பொருந்தாது. மாட்டுப் பல் பெரியது, சமதளமான துண்டு எளிதில் கிடைக்கும், அதனால் பயன்படுத்துகிறார்கள். மனித எனாமலைவிடக் கொஞ்சம் வேகமாக அரிக்கும். இன்னொன்று, மெருகேற்றிய துண்டில் பல்லின் கெட்டியான வெளி அடுக்கே போய்விட்டிருக்கும், உமிழ்நீரிலிருந்து பல்லின் மேல் படிகிற புரதப் படலமும் இருக்காது. ஆகவே ஆய்வகத்தில் காட்டும் மைக்ரானை அப்படியே உங்கள் வாய்க்குப் பெருக்கிப் பார்க்காதீர்கள். நடுவழியாக ஒரு ஏற்பாடு உண்டு: எனாமல் துண்டுகளைக் கழற்றி மாட்டும் தட்டில் பதித்து, தன்னார்வலர்கள் வாயில் போட்டுக்கொண்டு நடமாடுவார்கள், பிறகு துண்டுகளை எடுத்து அளப்பார்கள்.

வாய்க்குள் ஸ்கேனர் வைத்து வருடா வருடம் ஒப்பிட்டால் துல்லியமாகத் தெரியுமா?

தெரியும், ஆனால் விற்பனைப் படத்தில் காட்டுகிற அளவுக்கு இல்லை. முதலாவது, ஸ்கேனரின் பிழையே பல பத்து மைக்ரான் இருக்கலாம். கடைவாய்ப் பல் வருடத்துக்கு 29 மைக்ரான்தான் தேய்கிறது என்றால், ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேனில் தெரிவது தேய்மானமா பிழையா என்று பிரிப்பது கடினம். வேகமாகத் தேய்கிறவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும், மற்றவர்களுக்கு இடைவெளி அதிகமாக வேண்டும்.

இரண்டாவதுதான் பலரையும் ஏமாற்றுவது. பழைய ஸ்கேனையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்த வேண்டும். மென்பொருள் மொத்த வித்தியாசமும் மிகக் குறைவாக வருகிற மாதிரி புதிய பல்லைத் தூக்கி, சாய்த்து, நகர்த்திப் பொருத்தும். பல்லின் மேல்பக்கம் நிஜமாகவே தேய்ந்திருந்தால், அந்தத் தேய்மானத்தையும் "வித்தியாசம்" என்று நினைத்து எல்லாப் பக்கத்துக்கும் பங்கு போட்டுவிடும். விளைவு, தேய்ந்த இடத்தில் இழப்பு குறைவாகத் தெரியும், தேயாத இடத்தில் பல் வளர்ந்த மாதிரி காட்டும். முளைத்து முடிந்த பல்லில் எனாமல் வளராது. எனவே உங்கள் கையில் உள்ள வண்ணப்படத்தில் பல்லின் ஒரு பக்கம் முழுக்க "கூடியிருக்கிறது" என்ற நிறம் இருந்தால், ஒட்டிய அழுக்கு, புதிய ஃபில்லிங் எதுவும் அங்கே இல்லையா என்று பார்த்துவிட்டு, பொருத்தியதில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். தேயாத பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றை வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், படமே மாறிவிடும். பல் பல்லாகத் தனித்தனியே பொருத்துவது முழு வரிசையையும் ஒரேயடியாகப் பொருத்துவதைவிட நல்லது, ஏனென்றால் நீண்ட வரிசையில் ஸ்கேனரின் பிழை சேர்ந்துகொண்டே போகும், பற்களும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

பழைய பிளாஸ்டர் மாடல் வைத்திருக்கிறேன், பயன்படுமா?

தாராளமாக. பத்து வருடத்துக்கு முன்பு எடுத்த மாடலை இன்றைய பல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கருவியும் இல்லாமல் கதை தெரியும். அதையே ஸ்கேன் செய்து பொருத்தவும் முடியும். பிளாஸ்டர் இறுகும்போது கொஞ்சம் விரியும், அச்சுப்பொருள் கொஞ்சம் சுருங்கும், அதனால் மைக்ரான் கணக்கு பேச வேண்டாம். உடைந்த முனை தேய்மானம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள், மாடலை எடுத்து வைக்கும்போது முனைகள் சுலபமாகப் பெயரும்.

ஓசிடி, மைக்ரோ சிடி என்றெல்லாம் சொல்கிறார்களே?

மைக்ரோ சிடி பிடுங்கிய பல்லுக்கு, சில மைக்ரான் அளவிலான நுணுக்கத்தில் முப்பரிமாணப் படம் தரும். ஓசிடி என்பது அகச்சிவப்பு ஒளியால் எனாமலின் தடிமனைக் குறுக்காகக் காட்டுவது, கதிர்வீச்சு இல்லை, வாய்க்குள்ளும் செய்யலாம். எவ்வளவு போனது என்பதோடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் சொல்லக்கூடியது என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம். இப்போதைக்குப் பெரும்பாலும் ஆய்வகங்களில்தான் இருக்கிறது.

எனக்குப் பல் கூசுகிறது, விளிம்பு கண்ணாடி மாதிரி தெரிகிறது. எந்த அளவீட்டைக் கேட்பது?

மருத்துவர் முதலில் காரணத்தைத் தேடட்டும்: என்ன குடிக்கிறீர்கள், எதுக்களிப்பு உண்டா, இரவில் பல் கடிக்கிறீர்களா. கூடவே ஆறு பகுதி மதிப்பெண்ணையும் ஒரே கோணத்தில் எடுத்த புகைப்படங்களையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் இருந்தால் இன்றே ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட இரண்டாவது தேதி வரும்போது இந்த முதல் தேதி இருந்தாக வேண்டும். அடுத்த முறையும் அதே ஸ்கேனரில் எடுப்பது நல்லது. ஃபைலின் நகலை எஸ்டிஎல் என்ற பொதுவான முப்பரிமாண வடிவத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், மருத்துவரை மாற்றினாலும் வேறு மென்பொருளில் அதைத் திறக்கலாம்.